நோதரின் முகம் தெரியாத ஊர்

திபிலிசியில் என்னை முதலில் அசிங்கப்படுத்தியது ஒரு லிஃப்ட்.

ஜார்ஜியா நாட்டின் தலைநகரம் அது. சோவியத் காலத்தில் கட்டிய அடுக்குமாடிகளில் லிஃப்ட் மேலே போக வேண்டுமானால், உள்ளே உண்டியல் மாதிரி இருக்கிற பெட்டியில் சில்லறை போட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஊறுகாயும் பருப்புப்பொடியும் அடைத்த இரண்டு பெட்டிகளோடு உள்ளே நின்று பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். நகரவில்லை. சட்டைப்பையில் கிடந்த நம் ஊர் அஞ்சு ரூபாயைப் போட்டேன். லிஃப்ட் அதைத் துப்பிவிட்டது.

பின்னாலேயே காய்கறிப் பையோடு ஒரு பெரியவர் வந்தார். குனிந்து என் அஞ்சு ரூபாயை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, தன் சில்லறையைப் போட்டார். நன்றி சொல்லலாம் என்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. புருவங்கள் இரண்டையும் யாரோ அவசரத்தில் ஒட்டிவிட்டுப் போனது மாதிரி ஒன்று மேலே, ஒன்று கீழே. மூக்கு முகத்துக்கு வாடகைக்கு வந்தது மாதிரி தனியாக இருந்தது. எட்டாம் மாடி வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தேன். எட்டாம் மாடியில் இரண்டு பேரும் இறங்கினோம். நான் தேடி வந்த வீட்டின் கதவை அவர் சாவி போட்டுத் திறந்தார்.

அந்த வீட்டில்தான் என் சித்தப்பா மகள் கௌசி ஒரு அறை வாடகைக்கு எடுத்து டாக்டருக்குப் படிக்கிறாள். பனியில் வழுக்கிக் கணுக்கால் எலும்பை உடைத்துக்கொண்டு கிடந்தாள். சித்தப்பாவால் தறியை விட்டுவிட்டு வர முடியாது. சித்திக்கு விமானம் என்றாலே தலைசுற்றல். வெட்டியாக இருப்பவன் யார் என்று பார்த்தபோது ஆரணியில் எல்லா விரலும் என்னைக் காட்டின. நான் வெட்டி இல்லை. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன், அவ்வளவுதான். பட்டுப் புடவைகளை ஃபோனில் லைவ் போட்டு விற்கிறேன். "அக்கா, முந்தானையப் பாருங்க, பார்டரப் பாருங்க, புடிச்சா ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க" என்று கத்துகிற அந்தக் குரல் என்னுடையதுதான். தெருவில் என் பேர் மைக்.

"வந்ததும் வராததுமா இன்னாண்ணா பண்ண?" என்று கௌசி கட்டிலில் இருந்தே கேட்டாள். "தாத்தா ஏதோ சொல்லி சிரிக்கிறாரு."

"ஒண்ணும் இல்ல. அவரு மூஞ்சியப் பாத்தேன்."

"சிரிச்சியா?" அவள் முகம் மாறிவிட்டது. "ஐயோ, நீயுமா?"

பெரியவர் பேர் நோதர். அன்று மத்தியானம் எனக்காகக் கொழுக்கட்டை செய்தார். அப்படித்தான் நான் நினைத்தேன். மேலே முடிச்சுப் போட்ட பெரிய கொழுக்கட்டை, பேர் ஹிங்காலி. உள்ளே பூரணம் இருக்கும் என்று நம்பி ஒரே கடியாகக் கடித்தேன். உள்ளே இருந்தது கறியும் கொதிக்கிற சாறும். சாறு சட்டை வழியாக இறங்கிப் பேன்ட்டுக்குள் போயிற்று. நான் குதித்த குதியில் கௌசியின் ஊன்றுகோல் விழுந்தது. நோதர் சிரிக்கவில்லை. முடிச்சைப் பிடித்து, ஓரத்தில் லேசாகக் கடித்து, சாற்றை உறிஞ்சி, முடிச்சைத் தட்டில் வைத்தார். மறுபடியும் ஒன்றை எடுத்து முதலிலிருந்து செய்து காட்டினார். என்னைப் பார்த்து அவர் உதடுகூட அசையவில்லை. அதிலேயே எனக்குக் கொஞ்சம் கூச்சம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுநாள் அவரோடு சந்தைக்குப் போனேன். பதினைந்து பேர் உட்காரும் வேனில் போகவேண்டும். நம்ம ஊரில் தேவிகாபுரம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு இடம் பேரைக் கத்துவார். இங்கே கண்டக்டரே கிடையாது. இறங்குகிற இடத்தில் நாமே கத்த வேண்டும். நோதரைப் பார்த்ததும் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் காற்றில் மாவு பிசைந்தார். வேனே சிரித்தது. சந்தையில் தக்காளி விற்கிற அம்மா மாவு பிசைந்தாள். போலீஸ்காரர் ஒருத்தர் மாவு பிசைந்தார். மீசை முளைக்காத பையன்கள்கூடப் பிசைந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நோதர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். எனக்கு ஒரே குஷி. அர்த்தம் தெரியாமலே நானும் அவருக்கு எதிரில் நின்று நன்றாகப் பிசைந்து காட்டினேன். எனக்கும் தொப்பியைத் தொட்டார்.

அர்த்தத்தைக் கௌசிதான் சொன்னாள். அவர் சோவியத் காலத்தில் பெரிய நடிகர். கிராமத்திலிருந்து நாடகப் பள்ளிக்கு வந்தவர். கடைசிப் பரீட்சையில் ராஜா வேஷம் போட்டு, மகன் செத்த சேதி கேட்டு அழுதாராம். மார்க் போட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் குழந்தைகள் படம் ஒன்றில் ரொட்டிக் கடைக்காரராக நடித்தார். பிசைந்த மாவு பொங்கிப் பொங்கிக் கடையையே விழுங்கிவிடும். இவர் மாவுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டுவார். அந்தத் தலை சோவியத் தேசம் முழுக்க ஒவ்வொரு புதுவருஷத்துக்கும் டிவியில் வந்தது. அதோடு அவர் கதை முடிந்தது. பேர் நோதர் என்பதையே ஜனங்கள் மறந்துவிட்டார்கள்.

அப்புறம் டைரக்டர் ஆனார். ஸ்டுடியோ கேட்ட மாதிரி இரண்டு காமெடிப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டு, அதற்குக் கூலியாக மூன்றாவதாகத் தன் இஷ்டப்படி ஒரு படம் எடுக்க அனுமதி வாங்கினார். ரயில்வே கேட்டைத் திறந்து மூடுகிற ஒரு ஆள். அவன் மனைவி செத்துப்போகிறாள். ஊருக்கு அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ரயில் வருகிறது, கேட்டை மூடுகிறான், திறக்கிறான். அவ்வளவுதான் படம். அந்த ஆளாக அவரே நடித்தார்.

"மொத நாள் தியேட்டர்ல அவரு மூஞ்சி வந்ததும் பின்னாடி எவனோ 'மாவு பொங்குது'ன்னு கத்திட்டானாம். அவ்ளோதான். முடியற வரைக்கும் சிரிப்பு" என்றாள் கௌசி. "ஒரு வாரத்துல எடுத்துட்டாங்க. அப்புறம் தேசமே உடஞ்சுபோச்சி, ஸ்டுடியோவ மூடிட்டாங்க. இவரு டாக்ஸி ஓட்டினாரு. இவரு சம்சாரம் செத்தப்போ, துக்கம் கேக்க வந்த ஒரு ஆளு, கதவத் தொறந்தவரு மூஞ்சியப் பாத்துட்டு சிரிச்சிட்டாராம். வாயப் பொத்திகினு படியிலயே திரும்பிப் போயிட்டாராம்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் அப்படிப் பழகியதில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது, "தாத்தா, கவலையே படாதீங்க. எங்க ஊருக்கு வாங்க. ஆரணியில உங்க மூஞ்சி ஒருத்தனுக்கும் தெரியாது" என்றேன். கலாய்ப்புக்குத்தான் சொன்னேன். கௌசி சிரித்துக்கொண்டே அதை அவர் மொழியில் மாற்றினாள். நோதர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒருத்தருக்கும் தெரியாதான்னு கேக்கறாரு."

"சத்தியமா."

"ரொட்டிக்கடக்காரர் படம் அங்க வரவே இல்லியான்னு நல்லா யோசிச்சு சொல்லச் சொல்றாரு."

"எங்க ஊர்ல ரொட்டியே உடம்பு சரியில்லன்னாதான் வாங்குவோம்னு சொல்லு."

அவர் எழுந்து உள்ளே போனார். அந்த ரயில்வே கேட் படத்தைப் போட்டு வைத்திருந்த ஒரு பென் டிரைவோடு வந்தார்.

அடுத்த மூன்று நாள் அந்த வீடு ஸ்டுடியோவாக மாறியது. கௌசி கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு வசனத்தையெல்லாம் தமிழில் மாற்றி என் ஃபோனுக்கு அனுப்பினாள். நோதர் எனக்கு வேலை கற்றுக் கொடுத்தார். அவர் தேசத்தில் வெளிநாட்டுப் படத்தை எப்படிக் காட்டுவார்கள் என்றால், ஓரத்தில் ஒரே ஒரு ஆள் மைக்கோடு உட்கார்ந்திருப்பான். கதாநாயகனுக்கும் அவன்தான் குரல், கதாநாயகிக்கும் அவன்தான், வில்லனுக்கும் அவன்தான். ராகம் கிடையாது, அழுகை கிடையாது. ரேஷன் கடையில் பேர் வாசிப்பது மாதிரி வாசிக்க வேண்டும். மாணவனாக இருந்தபோது இந்திப் படங்களுக்கு அவர் அப்படி வாசித்திருக்கிறார்.

"அழறத படம் பாத்துக்கும், நீ வாசிச்சா போதும்னு சொல்றாரு" என்றாள் கௌசி. "இது ரொம்ப முக்கியமாம். நீ உள்ள பூந்து நடிக்கக் கூடாதாம்."

"நான் ஏன் நடிக்கப் போறேன்?"

"உன்ன எனக்குத் தெரியும்ணா."

கௌசி ஊன்றுகோலோடு தானாக நடக்க ஆரம்பித்த பிறகு, நான் கிளம்புகிற அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று. படம் ஓடும்போது வீடியோ காலில் வருவார். ஆனால் ஃபோனைத் திரைப் பக்கம் திருப்பக் கூடாது. படம் அவருக்குத் தெரியும். ஜனங்கள் பக்கம் திருப்ப வேண்டும். தன்னைப் பார்க்கிற, தன்னைத் தெரியாத முகங்களை அவர் ஒரு தரம் பார்க்க வேண்டும். எண்பது வயசுக்கு மேல் ஆன மனுஷன் கேட்டது அவ்வளவுதான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, புடவை லைவில் சொல்கிற மாதிரியே, "கேரண்டி தாத்தா" என்றேன்.

ஆரணிக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் திரை கட்டினோம். கிரிக்கெட் பார்க்க வைத்திருக்கிற திரைதான். புரொஜெக்டர் என் கூட்டாளி சீனுவுடையது. தறியை நிறுத்திவிட்டு எங்கள் தெருவே வந்திருந்தது. வெளிநாட்டுப் படம் என்றதும் பக்கத்துத் தெருவும் வந்தது. லைவ் போடுகிற ஸ்டாண்டில் ஃபோனை மாட்டி, கூட்டத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். ஃபோனில் நோதர் தெரிந்தார். கோட், டை, படிய வாரிய முடி. பக்கத்தில் கௌசி.

படம் ஆரம்பித்தது. நான் ரேஷன் கடைக் குரலில் வாசித்தேன். சத்தியமாக வாசித்தேன். திரையில் அவர் முகம் பெரிதாக வந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்த முகத்தை எங்கள் ஜனங்கள் அமைதியாக, புது மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். ஓரக்கண்ணால் ஃபோனைப் பார்த்தேன். நோதர் கேமராவுக்கு மிகவும் கிட்டே வந்திருந்தார். நெற்றியும் புருவமும்தான் தெரிந்தன.

இருபது நிமிஷம் அப்படியே போயிற்று. படத்தில் ரயில் வரவில்லை. அந்த ஆள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது; அதன் அம்மா எழுந்து போனாள். அவளோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். சீனு மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "டேய் மைக், இன்னாடா இது, சாவு வீட்டு வீடியோ எடுத்துகினு வந்துகிற?" என்றான். பின்னால் ஒருத்தர், "நல்லா பேசுவான்னு வந்தா, இவனும் தூங்கறான்டா" என்றார். இன்னொரு வரிசை எழுந்தது.

லைவில் ஆள் குறைவதைக் காட்டுகிற எண் ஒன்று ஃபோன் மூலையில் ஓடும். அது குறைந்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். எதையாவது சொல்லி நிறுத்திவிடுவேன். அந்தக் கூச்சம்தான் அன்றும் வந்தது.

திரையில் அந்த ஆள், படத்தில் காட்டாத அடக்கத்தை ஊருக்குச் சொல்லாமலே முடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தான். பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்தான். ஒன்றைத் தனக்கு வைத்தான். இன்னொன்றை எதிர் நாற்காலிக்கு முன்னால் வைக்கப் போனான். கௌசி அனுப்பியதில் அந்த இடத்தில் வசனமே கிடையாது. 'இங்கே அவர் பேசுவதில்லை' என்று மட்டும் போட்டிருந்தாள். நான் மைக்கில், "ஏண்டி, எனக்கு வெறும் கொழம்பு, கறியெல்லாம் உன் அண்ணனுக்கா? கறி எங்கடி?" என்றேன்.

தெரு வெடித்தது. போனவர்கள் ஓடி வந்தார்கள். சீனு என் முதுகில் அறைந்தான். அதற்கப்புறம் நான் நிறுத்தவில்லை. ரயிலுக்கு வசனம் சொன்னேன், ஆட்டுக்குச் சொன்னேன், டாக்டருக்குச் சொன்னேன். அந்த ஆள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுத இடத்தில், "இந்த மாசமும் சம்பளம் போடல" என்றேன். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். என் ஜென்மத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் வாங்கியதில்லை. படம் முடிந்து கைதட்டல் அடங்கின பிறகுதான் ஸ்டாண்ட் ஞாபகம் வந்தது.

நோதர் இன்னும் இருந்தார். நேராக உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்தபடி தலையைத் தாழ்த்தி வணங்கினார். இணைப்பு போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் கௌசி கூப்பிட்டாள்.

"நீ மனுஷனாண்ணா?"

"கௌசி, கூட்டம் எழுந்திரிச்சிடுச்சி, அதான்..."

"போனா போவட்டும்! பத்து பேரு ஒக்காந்திருந்தா போதாதா? உன் தமிழு அவருக்குத் தெரியாது. அவரு பாத்தது சிரிக்கற மூஞ்சிங்கள மட்டுந்தான். இன்னா சொன்னாரு தெரியுமா? 'அங்கயும் அப்படித்தான். அப்ப இது ஜனங்க தப்பு இல்ல, என் மூஞ்சிதான்'னாரு. கோட்டக் கழட்டி மாட்டிட்டு நிம்மதியா சாப்பிடறாரு. அதப் பாக்க முடியலண்ணா."

"நீ சொல்லலியா?"

"நான் ஏன் சொல்லணும்? நீ சொல்லு."

மறுநாள் காலையில் தேவிகாபுரத்தில் ஒரு வீட்டுக்குக் கல்யாணப் புடவை கொண்டுபோக வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏறினதுமே கண்டக்டர், "கறி எங்கடி?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. பின் சீட்டிலிருந்து ஒருத்தன் அழுகிற மாதிரி முகத்தைக் கோணிக் காட்டி, "சம்பளம் போடல மைக்கு!" என்றான். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தேன்.

பக்கத்து சீட்டில் எங்கள் தெரு சரோஜா அக்கா. தறிக்குப் பாவு நூல் சுற்றுகிறவர். சிரித்துச் சிரித்து நேற்று கண்ணில் தண்ணி வந்துவிட்டது என்று சொன்னார். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஏம்ப்பா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தாளு சம்சாரம் இன்னா ஆச்சி? ஊருக்குப் போயிட்டாளா?" என்று கேட்டார்.

"செத்துட்டாங்கக்கா."

"எப்போ?"

"தட்டு வெக்கறதுக்கு முன்னாடி."

அக்கா வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தேவிகாபுரம் வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை.

இறங்கினதும் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று வீடியோ காலில் கூப்பிட்டேன். கௌசி ஃபோனைக் கொண்டுபோய் நோதர் முன்னால் வைத்தாள். அவர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டுத் தொப்பி இல்லாத தலையைத் தொட்டு வணக்கம் சொன்னார்.

"தாத்தா, அவங்க உங்க மூஞ்சியப் பாத்து சிரிக்கல. நான் சொன்னதக் கேட்டு சிரிச்சாங்க. நீங்க வாசிக்கச் சொன்னத நான் வாசிக்கல. நானா வாய்க்கு வந்தத சொன்னேன்."

கௌசி மாற்றிச் சொன்னாள். அவர் புருவம் இரண்டும் முதல்முறையாக ஒரே உயரத்துக்கு வந்தன. அப்புறம் ஏதோ கேட்டார்.

"இன்னா சொன்னன்னு கேக்கறாரு. அப்படியே சொல்லணுமாம்."

"வேணாம் கௌசி."

"சொல்லுண்ணா."

ஜனங்கள் நடமாடுகிற பஸ் ஸ்டாண்டில் நின்று, ஒவ்வொன்றாகச் சொன்னேன். குழம்பு, கறி, பொண்டாட்டியின் அண்ணன். கௌசி குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் அதை மாற்றினாள். அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"தட்டு கீழ வெக்கறதுக்கு முன்னாடி சொன்னியா, வெச்சப்பறமான்னு கேக்கறாரு."

"முன்னாடி."

அவர் 'ச்சு' கொட்டினார். தப்பு என்று கையை ஆட்டினார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்தார். எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்தார். கையை எடுத்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இனிமேல் பேச மாட்டார் என்று நான் நினைத்த நேரத்தில், ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தி, அவர் மொழியில் கறியைக் கேட்டார். அதுவரை கண் கலங்கி நின்ற கௌசி குபீரென்று சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் அவள் தலையைத் தட்டிக் கொடுத்தார். என்னிடம் திரும்பி ஏதோ விளக்கினார்.

"வெச்சப்பறம் மூணு மூச்சு வுட்டுட்டு சொல்லியிருந்தா, சிரிப்பு ரெண்டு மடங்கு வந்திருக்குமாம்" என்றாள் கௌசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "தாத்தா, மறுபடியும் போடறேன்" என்றேன். "அதே தெரு, அதே ஜனம். இந்தத் தடவ வாயத் தொறக்க மாட்டேன். நீங்களே பாருங்க."

கௌசி சொல்லி முடிக்கும் முன்னாலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கத்தியை எடுத்தார். ரொம்ப மரியாதையாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்கு வருத்தம் வந்துவிடக் கூடாது என்கிற மாதிரி பதில் சொன்னார். கௌசி உடனே மாற்றவில்லை. நான் இரண்டு தரம் கேட்ட பிறகு சொன்னாள்.

"ஆரணியில எப்படி போடறது, அங்கதான் இப்போ என் மூஞ்சி எல்லாருக்கும் தெரியுமேன்னு சொல்றாரு."